இரு நிறுத்தங்களுக்கு நடுவில்

பிப்ரவரி 2

அம்மாவுக்கு,

நீங்கள் சைக்கிள் வாங்கியிருக்கிறீர்களாம். அடுத்த மாதம் நகரத்திலிருந்து இந்தக் கடற்கரை ஊர்வரை தனியாக ஓட்டிக்கொண்டு வரப்போகிறீர்களாம். பெரியம்மா சொன்னார். சொல்லிவிட்டு, "உங்க அம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. நீயாவது போன்ல பேசித் தடுடி" என்றார். உங்களோடு போனில் பேசமாட்டேன் என்று ஆகஸ்டிலேயே சொல்லியாயிற்று. சொன்ன சொல்லை மாற்றுவது எனக்குப் பழக்கமில்லை. அதனால் எழுதுகிறேன். இதைச் சமாதானக் கடிதம் என்று நினைத்துவிட வேண்டாம்.

போன வருடம்வரை உங்களுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. நடுவில் ஒரு மலை இருக்கிறது. அதே வழியில் பதினோரு வருடம் பஸ் கண்டக்டராக வந்தவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த மலையில் இதுவரை ஏறியது இன்ஜின்தான், நீங்கள் இல்லை.

என்னைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் தேவையில்லை. என்னைப் பெரியம்மா வீட்டில் விட்ட நாளிலிருந்து, உங்கள் பஸ் இங்கே நிற்கும் இருபது நிமிடம்தான் எனக்கு அம்மா. ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் டிக்கெட் கட்டைச் சரிபார்ப்பீர்கள். நடுவில் "மார்க் எவ்ளோ?" என்பீர்கள். பிளாட்பாரத்தில் நின்றபடி நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் விசில் ஊதிவிடுவீர்கள். பள்ளிக்கூடத் தோழிகள் பார்த்துக்கொண்டிருக்க என்னை நடுரோட்டில் இறக்கிவிட்டீர்களே, அன்றைக்கே அந்த இருபது நிமிடமும் எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

டிப்போவுக்கு நான் எழுதிய புகாருக்காக எனக்கு வருத்தமில்லை. 'பதினெட்டு வயது நிரம்பாத பயணியை இரு நிறுத்தங்களுக்கு நடுவில் இறக்கிவிடக் கூடாது' என்று டிரைவர் இருக்கைக்குப் பின்னால் பெயின்டில் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழேயே புகார் முகவரியும் இருக்கிறது. உங்கள் பஸ்ஸில் படிப்பதற்கு வேறு எதுவும் கிடையாது என்பதால் சிறுவயதிலிருந்து அதைத்தான் படித்துக்கொண்டு வருகிறேன்.

இந்தக் கடிதத்தை டிரைவர் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்களுக்குத் தபால்தலை ஒட்ட எனக்கு மனமில்லை.

இப்படிக்கு,
புகார்தாரர்

பிப்ரவரி 8

அடியே புகார்தாரரே,

கடிதம் கிடைத்தது. டிரைவர் அதைக் கவுண்டர் ஓட்டை வழியாக உள்ளே தள்ளிவிட்டு, "இந்தாங்க, உங்க வீட்டு வக்கீல் நோட்டீஸ்" என்றான். நீ மரியாதையாக டிரைவர் மாமா என்கிறாய். டிப்போவில் அவனுக்கு 'சடன் பிரேக்' என்றுதான் பெயர். அவன் ஓட்டும் லட்சணத்துக்கு அதுவே அதிகம்.

நான் உன்னைப் பார்க்க வருகிறேன் என்று உனக்கு யார் சொன்னது? நான் கடலைப் பார்க்கப் போகிறேன். அந்த ஊருக்கு எத்தனை தடவை வந்திருப்பேன்! பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு எட்டு வைத்ததில்லை. உப்புக்காற்று வந்து மூக்கில் அடிக்கும். கடல் வராது. இப்போது இரண்டு வாரம் லீவு கிடைத்திருக்கிறது, போகிறேன். உன் பெரியம்மா வீடு அந்தப் பக்கம் இருப்பது என் குற்றமா?

பஸ்ஸில் வரவேண்டியதுதானே என்று அக்காவும் கேட்டாள். இலவச பாஸ் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வண்டியில் நான் நின்றவள். என் பையையும் விசிலையும் வாங்கிக்கொண்டு புதிதாக ஒருத்தன் நிற்கிறான். அவன் முன்னால் ஜன்னலோரமாக உட்கார்ந்து பாஸை நீட்ட என் கை வராது.

உன் புண்ணியத்தில் ரூட்டை விட்டு எடுத்து என்னைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். மாதாந்திர பாஸுக்கு முத்திரை குத்துகிறேன். காலையில் குத்த ஆரம்பித்தால் சாயங்காலம் தோள்பட்டை பேசும். மேனேஜர் உன் புகாரை எல்லோருக்கும் படித்துக் காட்டினார் தெரியுமா? "கையெழுத்தப் பாருங்கப்பா, முத்து முத்தா! ஒரு பிழை கிடையாது!" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தலையெழுத்து.

என் திட்டத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். இங்கிருந்து கடல்வரை மொத்தம் நாற்பது ஸ்டேஜ். டிக்கெட் விலை ஏறுகிற ஒவ்வொரு இடமும் ஒரு ஸ்டேஜ். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். ஒரு நாளைக்குப் பத்து ஸ்டேஜ் வீதம் நாலு நாள். அஞ்சாவது நாள் கடல். இதற்கு நீ எந்நேரமும் கிடக்கிற லைப்ரரி எதற்கு?

சைக்கிளை டிப்போ முற்றத்தில்தான் பழகினேன். முதல் நாள் விழுந்தபோது மெக்கானிக் ஒருத்தன், "அம்மா, ஸ்டாப்பிங் வந்திருச்சு, இறங்குங்க!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் எழுந்தேன். உனக்குச் சிரிக்க வராது. புத்தகத்தில் அந்தப் பாடம் இல்லை போல.

அப்புறம் இந்த 'நீங்கள்' எல்லாம் என்னிடம் வேண்டாம். வீட்டில் வா போ என்று பேசின வாய்தானே?

இப்படிக்கு,
கவுண்டர் எண் மூன்று

பிப்ரவரி 13

கவுண்டர் எண் மூன்றுக்கு,

உங்கள் கணக்கு தப்பு.

ஸ்டேஜ் என்பது டிக்கெட் விலைக்கான அளவு, தூரத்துக்கான அளவு இல்லை. எங்கள் பள்ளி நூலகத்தில் பெரிய வரைபடம் ஒன்று இருக்கிறது. அதன் மேல் நூலை வைத்து ஒவ்வொரு ஸ்டேஜாக அளந்து பார்த்தேன். சமவெளியில் ஊர்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் ஒரு ஸ்டேஜ் நீளமாக இருக்கிறது. மலையில் அதே காசுக்குப் பாதி தூரம்தான். எல்லா ஸ்டேஜும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் முதல் நாளே நீங்கள் நினைப்பதைவிட ஒன்றரை மடங்கு தூரம் ஓட்ட வேண்டியிருக்கும். அப்படித் தளர்ந்துபோன உடம்போடு மூன்றாம் நாள் மலையடிவாரத்தில் போய் நிற்பீர்கள். வரைபடத்தில் கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து என்று அர்த்தம். அந்த இடத்தில் கோடுகள் சீப்பின் பற்களைப் போல இருக்கின்றன. இத்தனை வருடத்தில் நீங்கள் இதைக் கவனிக்காததற்குக் காரணம், அந்த ஏற்றத்தில் நீங்கள் குனிந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்ததுதான்.

இன்னொன்று. மலையிறங்கிக் கடலை நெருங்கும்போது மத்தியானத்துக்கு மேல் காற்று எதிரே வரும். பெரியம்மா வேலை செய்யும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒரு வாரம் நின்று பார்த்தேன். கொடியில் காயும் படுக்கை விரிப்புகள் காலையில் கடலைப் பார்த்து ஆடுகின்றன, சாப்பாட்டு மணி அடித்ததும் மலையைப் பார்த்துத் திரும்பிவிடுகின்றன.

அக்கறையில் எழுதுவதாக நினைக்காதீர்கள். பக்கத்து பெஞ்சுக்காரியின் கணக்கு தப்பாக இருந்தாலும் எனக்குக் கை துறுதுறுக்கும். அவளும் என்னோடு பேசுவதில்லை.

சிரிக்கத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு என் தோழிகள் மூவரும் சிரித்தார்கள். மலைமேல் அறிவியல் கண்காட்சி பார்த்துவிட்டு உங்கள் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். என் மாணவர் பாஸ் முந்தின நாளோடு முடிந்திருந்தது. பள்ளி அலுவலகத்தில் இன்னும் புதியது தரவில்லை. புதியது வரத் தாமதமானால் பழைய பாஸ் ஐந்து நாள் செல்லும் என்று அதன் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அதைக் காட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்காமல் விசில் ஊதினீர்கள். நான் இறங்கினேன். பஸ் போய்விட்டது. பின் கண்ணாடி வழியாக என் தோழிகள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் பார்க்கவில்லை. முன்னால் போய் யாருக்கோ டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

இப்படிக்கு,
இறக்கிவிடப்பட்ட பயணி

பிப்ரவரி 21

இறங்கின பயணிக்கு,

பாதிக் கதையை எழுதி அனுப்புகிறவளுக்குப் பள்ளிக்கூடத்தில் எப்படித்தான் முதல் மார்க் போடுகிறார்களோ.

அந்த ஐந்து நாள் சலுகையை ஜூனிலேயே எடுத்துவிட்டார்கள். பின்பக்கம் பழைய அச்சு, அவ்வளவுதான். அடுத்த நிறுத்தத்தில் செக்கிங் நிற்கிறது என்று எதிரே வந்த பஸ்காரன் லைட் போட்டுக் காட்டிவிட்டுப் போனான். கண்டக்டரின் மகள் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் என் கதி என்ன ஆகும்? உன் காதருகில் வந்து மெதுவாகத்தானே சொன்னேன், "என் காசுல ஒண்ணு கிழிச்சுத் தர்றேன், பேசாம வெச்சுக்க" என்று? நீ என்ன செய்தாய்? எழுந்து நின்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "இந்த பஸ்ல நான் உங்க மகள் இல்ல, பயணி. எல்லாப் பயணிக்கும் உங்க காசுல டிக்கெட் எடுத்துக் குடுப்பீங்களா?" என்று கேட்டாய். கடைசி சீட்டில் ஒருத்தன் கைதட்டினான். மறந்துபோச்சா?

பயணி என்று நீதான் சொன்னாய். டிக்கெட் இல்லாத பயணியை என்ன செய்வேனோ அதைச் செய்தேன். மகளாக இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று விழுந்திருக்கும், பஸ்ஸிலும் இருந்திருப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போனேன். கல்குவாரிப் பிரிவு ஏழாவது ஸ்டேஜ். பஸ்ஸில் அது வருவதற்குள் ஒரு கொட்டாவிகூட முழுசாக விடமுடியாது. சைக்கிளில் போனால் வரவே மாட்டேனென்கிறது. வெயில் தலைக்குள் இறங்கிவிட்டது. திரும்பும்போது ஜல்லி லாரிக்காரன் ஒருத்தன் என்னையும் சைக்கிளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டான். "டிக்கெட் உண்டா கண்டக்டரம்மா?" என்று வேறு கேட்டான். எல்லோருக்கும் நான் கேலிப்பொருள்தான்.

அதற்காக உன் கணக்கு சரி என்று நினைத்துக்கொள்ளாதே. ஸ்டேஜ் கணக்கில் தப்பில்லை, ரோட்டைத்தான் தப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இருந்தாலும் அந்த மலைக்கு முன்னால் எங்கே தங்கலாம் என்று உன் வரைபடத்தில் ஏதாவது தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் விடு. நான் ஒன்றும் கெஞ்சவில்லை.

கண்டக்டர் (முன்னாள்)

மார்ச் 1

அம்மாவுக்கு,

நீங்கள் எழுதியது போலத்தான் நடந்தது. நான் மறுக்கவில்லை. ஆனால் அதனால் பதினாறு வயதுப் பெண்ணை நடுவழியில் இறக்கிவிடுவது விதிப்படி சரியாகிவிடாது. என்னுடைய வாய்க்கொழுப்பைப் பற்றி யாராவது புகார் எழுதினால் அது வேறு புகார். இது வேறு.

புதுத் திட்டம் பின்னால் இருக்கிறது. ஐந்து நாள் ஓட்ட வேண்டும், ஆறாம் நாள் காலை கடல். முதல் இரண்டு நாள் சமவெளி. மூன்றாம் நாள் பாதிதான், மலையடிவார ஊரில் படுத்துத் தூங்க வேண்டும். அங்கே ஆசிரியைகள் விடுதி ஒன்று இருக்கிறது. எங்கள் பூகோள டீச்சரின் தங்கை அங்கேதான் வேலை செய்கிறார், சொல்லி வைத்துவிட்டேன். நான்காம் நாள் மலை. ஏற முடியாத இடத்தில் தள்ளிக்கொண்டு போகலாம், அது அவமானமில்லை. ஐந்தாம் நாள் முழுக்க இறக்கம் என்பதால் அன்றைக்குத்தான் அதிக தூரம் வைத்திருக்கிறேன். மிதிக்கவே வேண்டாம், தானாக வந்துவிடும்.

கடைசி ஆற்றுப்பாலத்தில் வேலை நடக்கிறது. பஸ்கள் சுற்றிப் போகின்றன. சைக்கிள் போகுமா என்று வரைபடம் சொல்லாது. அதனால் சனிக்கிழமை சலவைக்கூடத்து வாட்ச்மேனின் சைக்கிளை வாங்கிக்கொண்டு நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பக்கவாட்டில் பலகை போட்டிருக்கிறார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். மூன்றாவது பலகை ஆடுகிறது, இடது ஓரமாக மிதிக்கவும்.

இப்போது நான் கேட்க வேண்டியது. முந்தாநாள் பஸ் ஸ்டாண்டில் டிரைவர் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பா, நீ அந்தப் புகார வாபஸ் வாங்கிட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டா போதும்மா. அம்மாவுக்கு ரூட் திரும்பக் கெடச்சிரும். மேனேஜரே சொன்னாரு" என்றார். இதற்குத்தானா இத்தனை கடிதம்? சைக்கிள், கடல், ஒத்திகை எல்லாம் இதற்கு முன்னுரையா? நேராகக் கேட்கத் தைரியமில்லாமல் ஆள் அனுப்பினீர்களா?

எழுதியது உண்மை. உண்மையை எப்படி வாபஸ் வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாக யோசித்துவிட்டேன். சரியாகத் தூக்கமில்லை. என்னால் முடியாது.

கடல் எல்லோருக்கும் பொது. நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். வீட்டுக்கு வர வேண்டாம்.

மகள் (வீட்டுப் பதிவேட்டின்படி)

மார்ச் 5

ஏண்டி,

உனக்கு எவ்வளவு திமிர் இருந்தால் தனியாக ஹைவேயில் சைக்கிள் எடுத்துக்கொண்டு ஆற்றுப்பாலம்வரை போவாய்? லாரிக்காரன் எப்படி ஓட்டுவான் என்று உனக்குத் தெரியுமா? பலகை ஆடுகிறதாம், இவள் ஏறிப் பார்த்தாளாம்! தண்ணீரில் விழுந்திருந்தால் யாருக்குப் புகார் எழுதுவாய்? அக்காவை என்ன செய்வதென்றே தெரியவில்லை. அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் இதே கவரில் இருக்கிறது. பிரிக்காமல் கொடு.

அடுத்தது சடன் பிரேக். கவுண்டரை விட்டு வெளியே வந்து, டிப்போ நடுவில் நிறுத்தி, அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டிவிட்டேன். "நல்லதுக்குத்தான்க்கா சொன்னேன்" என்று தலையைச் சொறிகிறான். நான் அவனை அனுப்பவில்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அதே யோசனையைச் சொன்னது உண்மை. நான் அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று சடன் பிரேக் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டான்.

உன் புகார் வந்த அன்றே என்னிடம் விளக்கம் கேட்டார்கள். மற்ற கண்டக்டர்கள் எல்லாம், "அந்தப் பொண்ணே இறங்குறேன்னு சொல்லுச்சுன்னு எழுதிடுங்கக்கா, சின்னப் பொண்ணு பேச்ச யாரு விசாரிக்கப்போறா" என்றார்கள். நான் ஒரே வரிதான் எழுதினேன்: 'பயணி எழுதியது உண்மை, நான்தான் இறக்கிவிட்டேன்.' கையெழுத்தும் போட்டேன். உன் அளவுக்கு அழகாக இல்லை.

இப்போது நீ வாபஸ் என்று எழுதினால் நான் எழுதினது பொய் என்று ஆகும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து டிப்போவை ஏமாற்றினோம் என்று ஆகும். ரூட்டுக்காக நான் அதைச் செய்யமாட்டேன். நீயும் செய்யக் கூடாது. வாபஸ் கிபஸ் என்று ஒரு வரி எழுதினாலும் காலை ஒடித்துப் போடுவேன், சொல்லிவிட்டேன்.

பத்தாம் தேதி காலை கிளம்புகிறேன். உன் திட்டத்தின்படியே வருகிறேன். அது நன்றாக இருக்கிறது என்பதற்காக இல்லை. வேறு எழுத எனக்கு நேரமில்லை.

ஆனால் அந்த ஐந்தாம் நாள் சுத்த முட்டாள்தனம். இறக்கத்தில் தானாக வருமாம்! அந்த இறக்கத்தில் பிரேக் தீயும் வாசனை வண்டிக்குள் வந்து பாதிப்பேர் வாந்தி எடுப்பார்கள். பஸ்ஸுக்கே அப்படி என்றால் இந்த ரப்பர் கட்டைக்கு என்ன ஆகும்? வளைவுக்கு வளைவு நின்று நின்றுதான் வருவேன். அதனால் ஆறு நாள். ஏழாம் நாள் கடல். எழுதி வைத்துக்கொள்.

வீட்டுக்கு வர வேண்டாம் என்று எழுதியதைப் படித்தேன். வரமாட்டேன்.

அம்மா என்று ஒருத்தி

மார்ச் 13, மலை பஸ் ஸ்டாண்ட், டைம் கீப்பர் அறை

ஏறிவிட்டேன்.

கேலி பண்ணுகிறவர்கள் பண்ணலாம். முக்கால்வாசி தள்ளிக்கொண்டுதான் ஏறினேன். உன் பூகோள டீச்சரின் தங்கை நல்லவள். உன் வாயைப் பற்றி அவளுக்கும் தெரிந்திருக்கிறது. "அந்தக் கேள்விகேக்குற பொண்ணோட அம்மாவா?" என்றுதான் கதவையே திறந்தாள்.

இரண்டாம் நாள் ஒன்று நடந்தது. 'ஆலை கேட், ஆலை கேட் எல்லாம் இறங்கு' என்று எத்தனை வருடம் கத்தியிருப்பேன்! சைக்கிளை நிறுத்தி ஆலை எங்கே என்று பார்த்தால், ஆலையும் இல்லை, கேட்டும் இல்லை. வெறும் முள்செடி. இடித்துப் பல வருடம் ஆகிறதாம். பக்கத்தில் ஒரு கிழவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். "தினமும் பஸ்ல இருந்து ஒரு பொம்பளைக் குரல் கேக்கும், இல்லாத ஆலைக்கு ஆளக் கூப்பிடும். இப்பக் காணோம்" என்றார். அது நான்தான் என்று சொல்லவில்லை.

உள்ளங்கை இரண்டும் தோலுரிந்துவிட்டது. இந்த எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். முழங்கால் பந்து மாதிரி வீங்கியிருக்கிறது. டைம் கீப்பர், "பேசாம பஸ்ல ஏறிப் போங்கம்மா, சைக்கிள மேல கட்டிவிடுறேன்" என்கிறார். எந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் என்றுதான் யோசிக்கிறேன். நகரத்துக்குத் திரும்பினால் நாளைக்கே படுக்கையில் படுக்கலாம். அங்கே என்னை வர வேண்டாம் என்று யாரும் எழுதவில்லை.

இந்தக் கடிதத்தை மத்தியான பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

மார்ச் 13, சாயங்காலம்

நீ திரும்பிப் போனால் நான் உன்னோடு ஆயுளுக்கும் பேசமாட்டேன். இது கணக்கு இல்லை, சத்தியம்.

நாளைக்கு முழுக்க அங்கேயே படுத்திரு. முழங்காலைத் தலையணை மேல் உயர்த்தி வை, இதயத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். ஈரத்துணி சுற்று. பெரியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுத்துணியும் கைக்குக் களிம்பும் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். டிரைவர் மாமாவின் பையில் இருக்கின்றன. இரண்டு ஜோடி பிரேக் கட்டையும் வைத்திருக்கிறேன். கடைக்காரர், "எந்த மாடல் சைக்கிள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் இன்னும் அதைப் பார்க்கவே இல்லை. அதனால் இரண்டு அளவில் வாங்கினேன்.

இறக்கத்தைப் பொறுத்தவரை உன் ஆறு நாள் கணக்குதான் சரி, என்னுடையது தப்பு. வரைபடத்தில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே கோடுதான், அதில் பிரேக் வாசனை வராது. ஒரு நாள் ஓய்வையும் சேர்த்தால் நீ பதினாறாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும்.

பஸ்ஸில் ஏறாதே. ஏறுவதாக இருந்தால் இந்தப் பக்கம் வருகிற பஸ்ஸில் ஏறு.

மார்ச் 16, கடற்கரை பஸ் ஸ்டாண்ட், பணியாளர் ஓய்வறை

வந்து சேர்ந்தேன். சைக்கிளில்தான்.

சின்ன அளவு பிரேக் கட்டைதான் பொருந்தியது. பெரியது பையில் இருக்கிறது, கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. மூன்றாவது பலகை ஆடத்தான் செய்கிறது.

உன்னை இறக்கிவிட்ட இடத்தில் நேற்று இறங்கினேன். அடையாளம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கிருந்து அடுத்த நிறுத்தம்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். உன் புகாரில் ஒரு குறை இருக்கிறது. வழியில் ஒரு மரம்கூட இல்லை என்பதை நீ எழுதவில்லை. எழுதியிருந்தால் என்னைக் கவுண்டரில்கூட வைத்திருக்கமாட்டார்கள். இதை எழுதிவிட்டதால் நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைக்காதே. நீ கேட்கும் நாளில் நானும் கேட்கிறேன்.

மத்தியானம் கடலைப் பார்த்தேன். பெரிசாகத்தான் இருக்கிறது. கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தேன். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, பக்கத்தில் ஒரு நாய்தான் இருந்தது.

ஓய்வறையில் கட்டில் கொடுத்திருக்கிறார்கள். சைக்கிளை வெளியே ஜன்னலுக்குக் கீழே நிறுத்தியிருக்கிறேன். வீட்டுக்கு வராதே என்றாய், வரவில்லை. லீவு தீர்ந்துகொண்டிருக்கிறது. திரும்பும்போது மலையில் தள்ள முடியாது, அடிவாரத்தில் லாரி ஏதாவது பார்த்துக்கொள்வேன். நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் கிளம்புகிறேன். திரும்பும் வழிக்கு ஏதாவது திட்டம் வைத்திருந்தால் சடன் பிரேக்கிடம் கொடுத்தனுப்பு. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவன் இப்போது வீட்டுக்குத்தான் வருகிறான்.

மார்ச் 16, அந்தி

உன் சைக்கிள் சீட்டின் கீழே இந்தக் கடிதத்தைச் செருகி வைக்கிறேன். நீ டிரைவர் மாமாவோடு எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறாய். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாய். இளைத்துவிட்டாய். கழுத்து கறுத்திருக்கிறது.

சைக்கிளில் காற்று இல்லையே என்று திருடனைத் தேட வேண்டாம். இரண்டு டயரிலும் நான்தான் இறக்கிவிட்டேன். வால்வு இரண்டும் என்னிடம் இருக்கின்றன. பம்பையும் எடுத்துக்கொண்டேன். இது விதிப்படி தப்பு என்பது எனக்குத் தெரியும். புகார் எழுதுவதானால் எழுது, நான் உண்மையைத்தான் சொல்வேன்.

திரும்பும் வழிக்குத் திட்டம் போட உட்கார்ந்தேன். வரவில்லை. எவ்வளவு முயன்றும் முதல் நாளை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மன்னிப்பு நான் கேட்கப்போவதில்லை. நீயும் கேட்காதே. பெரியம்மா உனக்கும் சேர்த்து உலையில் அரிசி போட்டுவிட்டார், "அவ வராட்டி நீயே ரெண்டு பேர் சோத்தையும் தின்னு" என்கிறார். சண்டையை வீட்டுக்குள் வந்து போடலாம். சைக்கிளை உருட்டிக்கொண்டு வா, ஒரே தெருதான், வழியில் மூன்று சைக்கிள் கடை இருக்கிறது. மூன்று பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், கெஞ்சினாலும் உனக்குக் காற்று அடிக்கக் கூடாது என்று.